மண்டபத்துக்கு முன் மனை: பினாங்கில் சமூகக் கூடத்துக்கு இடம் பார்க்கும் முறை

சங்கங்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகின்றன. யாரோ ஒருவர் நிலம் இருக்கிறது என்கிறார். அடுத்த மாதமே முகப்பு வளைவும் தூண்களுமாக வண்ணப்படம் தயாராகிவிடுகிறது. அதைப் பெரிதாக அச்சடித்து விருந்தில் நிறுத்தி நன்கொடை திரட்டுகிறார்கள். நில அலுவலகத்துக்குப் போவது அதற்குப் பிறகு. அங்கேதான் தெரிகிறது, அது விவசாய நிலம் என்று. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறக்கும்.

சாத்தியக்கூறு ஆய்வு என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு வரிசைதான். மலிவாக விடை கிடைக்கும் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், செலவு வைக்கும் கேள்வியைப் பின்னால் தள்ள வேண்டும். நிலத் தேடலுக்குச் சில்லறைப் பணம் போதும். மண் சோதனை ஆயிரங்களில் போகும். முழு வரைபடம் அதைப் போலப் பல மடங்கு. எந்தக் கட்டத்தில் "இந்த மனை வேண்டாம்" என்ற விடை வந்தாலும் அதற்கு அடுத்த கட்டத்தின் செலவு மிச்சம்.

செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்?

ஒரு தாளில் வாரத்தின் ஏழு நாளைக் குறுக்கே எழுதி, காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வரிசை போடுங்கள். 28 கட்டம். ஒவ்வொன்றிலும் "கலை நிகழ்ச்சி" என்று பொதுவாக எழுதாமல் ஆளையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும்: செவ்வாய் மாலை 5 முதல் 7 வரை பரதம், 15 பிள்ளைகள், ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். வாய்மொழி உறுதிகூட இல்லாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். பத்துக் கட்டம்கூட நிரம்பவில்லையென்றால் உங்களுக்குத் தேவை கட்டடமா, அல்லது ஏற்கெனவே இருக்கும் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஓர் ஒப்பந்தமா என்று உட்கார்ந்து பேச வேண்டும். இந்தக் கேள்வியைச் செயலவையில் எழுப்புபவருக்கு நல்ல பெயர் கிடைக்காது. ஆனாலும் கேட்டாக வேண்டும்.

கல்யாண வாடகையைப் பஞ்சாங்கத்தை வைத்து எண்ணுங்கள். நம் ஊரில் கல்யாணம் என்றால் வார இறுதி. ஆண்டுக்கு 104 சனி ஞாயிறு. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் பதிவு இல்லை என்று போட்டால் 80-க்குக் கீழே இறங்கும். தைப்பூசம், தீபாவளியை ஒட்டிய நாள்களையும் கழியுங்கள். மீதியில் பாதியாவது முகூர்த்தத்தோடு ஒத்து வந்தால் நல்லது. 35 முதல் 40 கல்யாண நாள் என்பதே துணிச்சலான கணக்கு. "வருடம் நூறு கல்யாணம்" என்று எழுதிய அறிக்கையைக் கண்டால் மூடி வைத்துவிடலாம்.

எவ்வளவு நிலம்?

300 பேர் கல்யாணத்தை அளவாக வைத்துப் பார்ப்போம். வரிசை நாற்காலிக்கு ஆளுக்கு 0.8 சதுர மீட்டர், ஆக 240. மணவறை மேடை 8 மீட்டருக்கு 5 மீட்டர், 40. ஒரு பந்திக்கு 150 பேர் என்றால் பரிமாறுபவர் நடக்கும் வழியோடு ஆளுக்கு 1.3 சதுர மீட்டர், சுமார் 200. சமையலறை 65. மணமக்கள் அறை இரண்டு சேர்த்து 30. கழிப்பறை 40, பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கத்தைப் போல் இரு மடங்கு இருந்தால்தான் புடவையோடு வரிசையில் நிற்கும் அவஸ்தை குறையும். செருப்பு வைக்குமிடமும் முன்கூடமும் 40, நாற்காலி அடுக்கும் கிடங்கு 30, அலுவலகம் 15. மொத்தம் 700. சுவர், நடைவழி, படிக்கட்டுக்கு 30 விழுக்காடு கூட்டினால் 900 சதுர மீட்டருக்குச் சற்று மேல்.

நிலத்தைத் தின்பது மண்டபமல்ல, கார். காருக்கு நான்கு பேர் வந்தாலும் 75 கார். ஓடுபாதையோடு சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போகும். 2,000 சதுர மீட்டர் அங்கேயே தீர்ந்தது. எல்லையிலிருந்து விடும் இடைவெளி, மழைநீர் தேக்கத் தொட்டி, சாலை விரிவாக்கத்துக்கு விட்டுக்கொடுக்கும் துண்டு, மின்சுமை பெரிதானால் மின்வாரியமான தெனாகா கேட்கும் துணை மின்நிலைய இடம் எல்லாம் சேரும்போது ஓர் ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர், தாராளமாகத் தெரியாது. அரை ஏக்கரில் 300 பேர் மண்டபம் கட்டலாம் என்பவர் காரை எண்ணவில்லை.

நிலம் சின்னது என்றால் கல்யாணத்தை விட்டுவிட்டு வகுப்புகளை வைத்துத் திட்டமிடலாம். பரதத்துக்கு ஒரு பிள்ளைக்கு 4 சதுர மீட்டர், 15 பேருக்கு 60. அந்த அறைக்கு 3.5 மீட்டர் உயரமும், கீழே காற்றிடம் விட்டு அடித்த மரத்தளமும் வேண்டும். கான்கிரீட்டின் மேல் நேராக ஒட்டிய ஓட்டில் தட்டடவு ஆடினால் முழங்கால் போகும். இப்படிப்பட்ட கூடத்துக்கு வாரம் முழுவதும் வேலை இருக்கும். திருவிழாக் கூட்டத்துக்கு அந்த ஒரு நாள் வெளியே பந்தல் போட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் கூட்டத்துக்காகக் கட்டடத்தைப் பெரிதாக்கினால் மீதி நாளெல்லாம் அதைக் கூட்டிப் பெருக்கும் செலவுதான்.

கிராண்ட் என்ற நிலப் பட்டாவைப் படிப்பது

நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி, அதாவது அதிகாரப்பூர்வத் தேடல், எடுங்கள். உரிமையாளர் கொடுக்கும் நகலை நம்ப வேண்டாம். அது எடுத்த நாளுக்குப் பிறகு என்ன பதிவானது என்று அது சொல்லாது. தாளில் பார்க்க வேண்டியவை:

- நிலப் பயன்பாட்டு வகை: விவசாயம், கட்டடம், தொழில் என்ற மூன்றில் எது.
- ஷாராட் ஞாத்தா, அதாவது நிலத்தின் மேல் எழுதிய நிபந்தனை. கட்டட நிலம் என்றாலும் "குடியிருப்பு மட்டும்" என்று இருக்கலாம். அப்படியானால் தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி நிபந்தனையை மாற்ற விண்ணப்பித்து, விதிக்கும் பிரிமியம் என்ற கட்டணத்தைக் கட்ட வேண்டும். அந்தத் தொகை நில விலையோடு சேர வேண்டிய செலவு.
- செக்காத்தான் கெப்பெந்திங்கான், அதாவது உரிமைமாற்றத் தடை. மாநில அதிகாரத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது என்ற வரி இங்கேதான் ஒளிந்திருக்கும்.
- கடன் அடைமானம், கவியாட் என்ற பரிமாற்றத் தடைக் குறிப்பு, நிலம் எடுப்புக் குறிப்பு.
- நிரந்தரமா, குத்தகை நிலமா. குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மீதி.

அரசு நிலத்தில் பல ஆண்டாக இருக்கிறோம், அதனால் உரிமை வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. தோட்டத்துக் கோயில்கள் பலவற்றின் கதை இதுதான். சட்டம் அப்படி இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, எத்தனை காலம் குடியிருந்தாலும் அரசு நிலத்தின் மேல் உரிமை வராது என்கிறது. தனியார் நிலத்துக்கும் 341-ஆம் பிரிவு அதையேதான் சொல்கிறது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கிடைத்தாலும் அது தொடங்கிய ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், வேறொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. அதன் மேல் பந்தல் போடலாம், கான்கிரீட் போடக் கூடாது.

குத்தகைக்கு எடுப்பதானால் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். முழு மனைக்கு அதிகபட்சம் 99 ஆண்டு, மனையில் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் 30 ஆண்டு. பினாங்கில் இந்து அறப்பணி வாரியத்தைப் போன்ற அமைப்பிடமிருந்து இடம் பெற நினைப்பவர்களும் நட்பை நம்பாமல் இந்தக் காகிதத்தை நம்ப வேண்டும்.

யார் பெயரில் வாங்குவது? தலைவர் பெயரில் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவர் காலமான பிறகு பிள்ளைகளிடம் கையெழுத்துக்கு அலைய நேரும். 1952-ஆம் ஆண்டு அறங்காவலர் கூட்டுருவாக்கச் சட்டத்தின்படி பதிவு பெற்ற அறங்காவலர் குழுவாக வாங்குவது ஒரு வழி. வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்.

கிராண்ட் சரியாக இருந்தால் மாநகர் மன்றத்தின் திட்டப் பிரிவுக்குப் போங்கள். தீவில் அதன் சுருக்கப் பெயர் எம்பிபிபி, பெருநிலத்தில் எம்பிஎஸ்பி. உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அந்த மனை என்ன பயன்பாட்டுக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது, சாலை விரிவாக்கக் கோடு எங்கே போகிறது, முன் பின் இடைவெளி எவ்வளவு என்று மூன்று கேள்வி. பதிலை எழுத்தில் வாங்க முயலுங்கள். கட்டுமானத்துக்கு முன் கெபெனாரான் மெரஞ்சாங் என்ற திட்ட அனுமதி வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர் நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வருவது அது. உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வராத இடமானால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும், 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். 20 மீட்டருக்கு மேற்படாத சாலைக்கு எதிர்ப்புறம் இருப்பவரும் இதில் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மனையில் நடந்து பார்ப்பது

மூன்று முறை போங்கள்: சனி மாலை 5 முதல் 8, ஞாயிறு காலை 8 முதல் 1, பிறகு பெருமழை பெய்த ஒரு மணி நேரத்துக்குள். முதல் இரண்டில் போக்குவரத்தையும், அக்கம்பக்கத்தில் வண்டி நிறுத்தும் பழக்கத்தையும், அந்தத் தெருவில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை எந்தக் கிழமை என்பதையும் குறியுங்கள்.

மூன்றாவது முறைதான் முக்கியம். பினாங்கில் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் அன்றைய கறையைக் காட்டச் சொல்லி, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து எழுதுங்கள். லோங்காங் என்ற தெருச் சாக்கடையின் அடிமட்டத்துக்கும் உங்கள் மனை மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நில அளவையர் எடுத்துத் தர வேண்டும். கடலோரப் பகுதிகளில் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வாய்க்கால் கொள்ளளவு எவ்வளவு இருந்தும் பயனில்லை, தண்ணீர் வெளியேற வழியிருக்காது. மனையை மண் கொட்டி உயர்த்தினால் போதும் என்பது அரை யோசனை. அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் வழக்குப் போடுவார். வடிகால் துறையின் மழைநீர்க் கையேட்டின்படி உங்கள் நிலத்திலேயே நீரைத் தேக்கி மெல்ல விட வேண்டும். அந்தத் தொட்டியைக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் வைத்தால் நிலம் மிஞ்சும், செலவு கூடும்.

மண்ணைப் பொறுத்தவரை கடலோரம் என்றால் மென்களிமண் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குறைந்தது மூன்று மண் சோதனைத் துளை போடுங்கள், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. களிமண்ணில் மண் கொட்டி உயர்த்திய மனையில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. கட்டடம் பைலிங் என்ற ஆழ்தூண்களின் மேல் அசையாமல் நிற்கும், சுற்றியுள்ள தரை மட்டும் ஆண்டுக்காண்டு இறங்கும். வாசற்படிக்கும் முற்றத்துக்கும் நடுவே முதலில் விரல் நுழையும், பிறகு கால் நுழையும், சாக்கடைக் குழாய் இணைப்பு முறியும். கட்டடத்தின் பைலிங்குக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு முற்றத்தை மறப்பதால் வரும் வினை.

தண்ணீர்மலைப் பக்கம், பாயா தெருபோங் பக்கம் மேட்டு நிலம் மலிவாகக் கிடைக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேலோ, 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலோ இருந்தால் பினாங்கில் அது மலைநிலக் கட்டுப்பாட்டுக்குள் வரும். மலிவுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

தீயணைப்பு: கட்டடத்தின் கன அளவு 7,000 கன மீட்டரைத் தாண்டினால், சுற்றளவில் ஆறில் ஒரு பங்காவது 12 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள சாலையையோ திறந்தவெளியையோ ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டுச் சீர்மைக் கட்டட விதி. மேலே போட்ட 900 சதுர மீட்டர் மண்டபம் 7 மீட்டர் உயரத்தில் 6,300 கன மீட்டர்; கொஞ்சம் பெரிதாக்கினால் எல்லையைத் தாண்டிவிடும். தண்ணீர்க் குழாய் முனை 91.5 மீட்டருக்குள் இருக்கிறதா என்றும் அடியெண்ணிப் பாருங்கள்.

நம் மண்டபங்களுக்கே உரிய சிக்கல் ஹோமப் புகை. குளிரூட்டிய அரங்கில் அக்னி வளர்த்தால் புகை உணரி கத்தும். கத்தாமலிருக்க யாராவது அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைப்பார்கள், அது பிறகு கழற்றப்படாது. மணவறைக்கு மேல் புகை இழுக்கும் கூண்டு வேண்டும். அந்தப் பகுதியில் புகை உணரிக்குப் பதில் வெப்ப உணரி வைக்கலாமா என்று வரைபடக் கட்டத்திலேயே பொம்பாவிடம், அதாவது தீயணைப்புத் துறையிடம், கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கூண்டு வைக்கக் கூரையில் இடமிருக்காது.

சத்தம்: திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 5 மீட்டரில் 90 இருக்கும் தவில் ஒலி 10 மீட்டரில் 84, 20-இல் 78, 40-இல் 72. அடுத்த வீட்டு அறைச் சன்னல் 20 மீட்டரில் இருந்தால், அதிகாலை முகூர்த்தத்துக்கு அந்த வீட்டுக் குழந்தையும் எழுந்துவிடும். கணக்கை விட நல்ல சோதனை, பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டு ஒரு நாதஸ்வர செட்டை மனைக்கே அழைத்துவந்து அரை மணி நேரம் வாசிக்கச் சொல்வது. ஆட்சேபிப்பவர் யாரென்று அன்றே தெரியும். அறிவிப்புக் கடிதம் போகுமுன் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.

ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடு

லிட்டில் இந்தியாவில், 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டைக் கலைக்கூடமாக்கும் ஆசை இயல்பானது. அந்தப் பகுதி 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றி 150.04 ஹெக்டர் காப்புப் பகுதி. முதலில் கட்டடம் எந்தப் பகுதியில், பாரம்பரியக் கட்டடங்களில் முதல் வகையா இரண்டாம் வகையா என்று மாநகர் மன்றத்திலும் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திலும் கேளுங்கள். முகப்பு, ஓட்டுக்கூரை, கடை முன்னால் ஓடும் ஐந்தடி நடை, நடுமுற்றம் எல்லாவற்றையும் அந்த வகை கட்டுப்படுத்தும்.

பலர் காணாத பிரச்சினை மாடித்தளம். வீடாகப் பயன்பட்ட தளத்துக்கு விதி கேட்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு 5.0. மூன்று மடங்குக்கும் மேல். நூறு வருட மரச் சட்டம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரம் பட்டு உளுத்திருக்கும், நடுவில் தட்டினால் திடமாக ஒலித்து ஏமாற்றும். பொறியாளர் அந்த முனைகளைத் திறந்து பார்க்க வேண்டும். நடனத்தைக் கீழே வையுங்கள், வீணை வகுப்பையும் அலுவலகத்தையும் மேலே. நூலகம் லேசானது என்று மாடிக்கு ஏற்றுவார்கள். புத்தக அடுக்கு உயரத்தில் ஒரு மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன் கணக்கு, இரண்டு மீட்டர் அலமாரி வைத்தாலே ஏறத்தாழ கூட்ட அரங்கின் சுமைக்கு வந்துவிடும்.

சுவரில் உப்புப் பூத்திருந்தால் சிமெண்ட் பூச வேண்டாம். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஈரத்தை வெளிவிடும். சிமெண்ட் அதை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி மரச் சட்டத்தைத் தொடும். நடுமுற்றத்தைக் கண்ணாடியால் மூடுவதும் இதே ரகத் தவறு. அகலம் ஐந்தாறு மீட்டர்தான் என்பதால் பின்பக்கம் இரண்டாவது வெளியேறும் வழி கிடைக்காவிட்டால் அந்த வீட்டைக் கூட்டம் கூடும் இடமாக நினைக்காதீர்கள்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு

அங்கே வேறு சட்டம்: 1982-ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். அனுமதியின் பெயர் பெரிந்தா பெம்பாஙுனான், கொடுப்பது கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல். மண்ணும் வேறு. நகரின் பல பகுதிகளுக்கு அடியில் குழிகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை; ஒரு துளையில் 8 மீட்டரில் தட்டும் பாறை, சில அடி தள்ளினால் 20 மீட்டரிலும் தட்டாமல் போகலாம். துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயில்வே ஒதுக்கீட்டு நிலம் பழைய குடியிருப்புகளோடு பின்னிக் கிடக்கிறது, ஆகவே எல்லைக் கல்லை நில அளவையரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்த பிறகே பேச்சைத் தொடருங்கள்.

நடத்தும் செலவு

கட்டப் பணம் சேர்ந்துவிடும். நம் சமூகம் கட்டடத்துக்குக் கொடுக்கும், மின் கட்டணத்துக்குக் கொடுக்காது. அதனால் அறிக்கையில் பெரிய பகுதி நடத்தும் செலவாக இருக்க வேண்டும். 300 பேர் அரங்கைக் குளிரூட்ட முதல் கணிப்பாக 40 குதிரைத்திறன் போடுங்கள். ஒரு கல்யாணத்துக்கு எட்டு மணி நேரம் ஓடும். காவலாளி, துப்புரவு, காப்பீடு, மதிப்பீட்டு வரி, நில வரி, தீயணைப்புக் கருவிப் பராமரிப்பு, கொழுப்புத் தடுப்புத் தொட்டி சுத்தம். இவற்றின் மேல் கட்டடச் செலவில் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு பழுதுபார்க்கும் நிதி; 30 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) கட்டடத்துக்கு 45,000 வெள்ளி. முதல் ஐந்தாண்டு அது செலவாகாது, அதனால்தான் எடுத்து வேறெதற்கோ செலவழித்துவிடுவார்கள். தனிக் கணக்கில் வையுங்கள்.

வரவை நீங்கள் நம்பும் எண்ணில் 60 விழுக்காடாகக் குறைத்து மீண்டும் கணக்குப் போடுங்கள். அப்போதும் செலவு அடைந்தால் திட்டம் நிற்கும். மானியத்தை வரவில் சேர்க்காதீர்கள். வந்தால் பழுதுபார்க்கும் நிதிக்குப் போகட்டும். நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தர வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி பெற வேண்டும், அதற்குச் சங்கத்தின் கணக்குகள் தணிக்கையோடு ஒழுங்காக இருக்க வேண்டும். நிதி திரட்டும் விருந்துக்குப் பிறகு விண்ணப்பித்தால் பழைய ரசீதுகளுக்கு அது பயன்படாது.

அறிக்கை பதினைந்து பக்கம் போதும். இரண்டு மனைகளையும், மூன்றாவதாக எதையும் வாங்காமல் இருக்கும் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். அந்த மூன்றாவது வழியைச் சேர்க்காத அறிக்கை முடிவை முன்பே எடுத்துவிட்ட அறிக்கை.

மனையைத் தேர்ந்துவிட்டால், நிபந்தனை மாற்றமும் திட்ட அனுமதியும் கிடைத்தால்தான் வாங்குவோம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விற்பவர் மறுத்தால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. பினாங்கில் திட்ட அனுமதி கையில் வந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும், நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே அடித்தளத்துக்கும் வடிகாலுக்குமான பணமாவது வங்கியில் சேர்ந்த பிறகே அனுமதிக்கு விண்ணப்பத்தைப் போடுங்கள்.